கொழும்பில விஞ்ஞானம் படிப்பிக்கிற டியூஷன் சேர், டீச்சர்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சேர், டீச்சர்,

நான் வெள்ளவத்தையில இருக்கிற ஒரு அம்மா. மகன் ஓ எல் சோதனை எடுக்கப் போறான். போன கிழமை அவன்ட கொப்பியில ஒரு அமுக்கக் கணக்கு பார்த்தன், 2 கிலோ செங்கல், படுக்க வச்சா அடிப்பக்கம் 200 சதுர சென்ரிமீற்றர், அமுக்கம் (விசையப் பரப்பளவால பிரிச்சா வாறது, அலகு பஸ்கால்) எவ்வளவு எண்டு. விசை 20 நியூட்டன் எண்டு சரியா எடுத்திட்டு, பரப்பளவ 100ஆல பிரிச்சு 2 சதுர மீற்றர் எண்டு போட்டு, விடை 10 பஸ்கால் எண்டு முடிச்சிருக்கிறான். தம்பி, 2 சதுர மீற்றர் எண்டா எங்கட வாசல் கதவளவு, செங்கல் அவ்வளவு பெருசா எண்டு கேட்டாப் பிறகுதான் யோசிச்சவன். 10,000ஆல பிரிக்கோணும், 0.02 வரும், அப்ப 1000 பஸ்கால்.

அதவிடக் கவலை வேற. அதே கல்ல நிமித்தி வச்சா அடி 50 சதுர சென்ரிமீற்றர்தான், 4000 பஸ்கால் வருது. ஏன் கூடினது எண்டு கேட்டா "பாரம் கூடிட்டு" எண்டான். குசினித் தராசில ரெண்டு மாதிரியும் வச்சுக் காட்டினன், ரெண்டு தரமும் முள்ளு 2லதான் நிண்டுது. பின்னேரம் கல்லத் தூக்கிக்கொண்டு ரெயில் பாதை கடந்து கடற்கரைக்குப் போய் காஞ்ச மணலில வச்சம், படுத்த கல் மேலாலயே கிடந்துது, நிமித்தின கல் இறங்கினது. குந்தியிருந்து கனநேரம் பார்த்தவன்.

தண்ணிக் கணக்கும் அப்பிடித்தான். எங்கட மேல்மாடி பைப்பில தண்ணி நூல் மாதிரித்தான் வரும், பெரிய டேங்க் போடுவம் அம்மா எண்டுறான். தண்ணி அமுக்கத்துக்கு ஆழம், அடர்த்தி, ஜி (புவியீர்ப்பு ஆர்முடுகல்) மூண்டையும் பெருக்கிற சூத்திரத்தில லீற்றரே இல்லையே! 500 லீற்றர் டேங்கோ 1000 லீற்றர் டேங்கோ, தண்ணி மட்டத்தில இருந்து பைப் 3 மீற்றர் கீழ எண்டா 30,000 பஸ்கால், 10 மீற்றர் கீழ எண்டா ஒரு லட்சம், அது கிட்டத்தட்ட வளிமண்டல அமுக்கத்தளவு.

மண்டபம் நிறையப் பிள்ளைகள், உங்களுக்கு நேரம் காணாது, விளங்குது. எண்டாலும் பாஸ்ட் பேப்பர் தொடங்க முதல் ஒரு வகுப்பு இதுக்குத் தாங்கோ. 100 கிராம் சீனிய ஒரு சதுர மீற்றர் மேசை முழுக்கப் பரப்பிக் காட்டுங்கோ, ஒரு பஸ்கால் எவ்வளவு சின்னன் எண்டு தெரியும். செங்கலும் தராசும் நான் கொண்டு வந்து தாறன்.