விண்வெளித் தரவுகள் யாருக்குச் சொந்தம்?

ஐயா, விண்வெளிப் பணிகள் அரசிடமிருந்து தனியார் நிறுவனங்களுக்குக் கைமாறி வருவதை வரவேற்கும் தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். ஏவூர்திகளைப் பொறுத்தவரை எனக்கும் அதே கருத்துதான். 2011-இல் விண்வெளி ஓடங்கள் ஓய்வு பெற்ற பின் ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தை நம்பியிருந்த நாசா, 2020-இல் ஸ்பேஸ்எக்ஸ் என்ற தனியார் நிறுவனத்தின் கலத்தில் தன் வீரர்களை அனுப்பியது. ஆனால் பயணத்தை விலைக்கு வாங்குவது வேறு, பயணத்தால் கிடைக்கும் அறிவை விலைப்பொருளாக்குவது வேறு. புவியைப் படம்பிடிக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் பட விற்பனையை அமெரிக்க அரசு 1980-களில் தனியாரிடம் ஒப்படைத்தது. ஒரு படத்தின் விலை சுமார் 4,000 டாலர் வரை உயர்ந்தது. ஆய்வாளர்கள் பலருக்கு அது எட்டாக்கனி ஆயிற்று. 1992-இல் தனிச் சட்டம் இயற்றி அரசே திட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது; 2008-இல் படங்கள் அனைவருக்கும் இலவசமாயின.

புவியியல் ஆசிரியரான நான், ஆறுகள் தடம் மாறுவதையும் ஏரிகள் சுருங்குவதையும் இந்தப் படங்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். கட்டணம் இருந்திருந்தால் அந்தப் பாடமே நடந்திருக்காது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் இடத்தை வணிக நிலையங்கள் நிரப்பவிருக்கும் இவ்வேளையில், பொதுப்பணம் பெறும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் இரண்டு விதிகளைக் கட்டாயமாக்க வேண்டும். அறிவியல் தரவுகள் குறிப்பிட்ட காலத்துக்குள் பொதுவெளிக்கு வர வேண்டும். நிறுவனம் மூடப்பட்டால் அதன் தரவுக் காப்பகம் அரசிடம் சேர வேண்டும்.