ஆயிரம் ரூபாய் கணக்கு

ஐயா,

நூற்பாலையில் முப்பது ஆண்டுகள் சம்பளக் கணக்கு எழுதியவன் நான். மைத்துனருடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட அலுவலக ஊழியர் ஒருவர், நீதிமன்றத்தின் ஜப்தி உத்தரவு வந்ததும் என் மேசை முன் அழுதேவிட்டார். முழுச் சம்பளமும் போய்விடும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவுப்படி முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. அவருடைய 19,000 ரூபாயில் 6,000 மட்டுமே பிடித்தோம். அதுவும் ஒரே தீர்ப்புக்கு 24 மாதங்கள்தான். (ஜீவனாம்சம் என்றால் மூன்றில் ஒரு பங்குதான் தப்பும், அது நியாயமே.)

2002-இல் 400 ரூபாயை 1,000 ஆக்கியதோடு சரி. இன்று ஒரு சமையல் எரிவாயு உருளைக்கே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிறது. அந்த ஆயிரத்தை எப்போது திருத்துவார்கள்?

– ஓய்வுபெற்ற கணக்கர், ராஜபாளையம்