சாப்பிட்ட பின் எடுத்த ரத்தத்துக்கு ‘வெறும் வயிறு’ என அறிக்கை தந்தது குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த 9ஆம் தேதி உங்கள் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தின் ஊழியர் எங்கள் வீட்டுக்கு வந்து என் தந்தையாரிடம் எடுத்த ரத்தத்துக்கு நீங்கள் அளித்த கொழுப்புப் பரிசோதனை அறிக்கை குறித்து எழுதுகிறேன். அவருக்கு வயது 67. சர்க்கரை நோயாளி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்.

நாங்கள் பதிவு செய்திருந்த நேரம் காலை 6.30. எட்டு மணி வரை யாரும் வராததால் உங்கள் எண்ணில் அழைத்தபோது, இன்று ஆள் இல்லை என்றார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவரை அதற்குமேல் பட்டினி போட முடியாமல், நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் காபியும் கொடுத்தோம். 10.45 மணிக்கு உங்கள் ஊழியர் வாசலில் நின்றார். சாப்பிட்டாகிவிட்டது, நாளை வாருங்கள் என்று என் தாயார் சொல்லியும், “பரவாயில்லைம்மா, பெருசா வித்தியாசம் வராது” என்று ஊசியைப் போட்டார். படிவத்தில் ‘வெறும் வயிறு’ என்ற கட்டத்தில் அவர் டிக் அடித்ததை அருகிலிருந்து பார்த்தேன். அப்போதே தடுக்காதது என் தவறுதான்.

மறுநாள் வந்த அறிக்கையில் டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பு) 430, மொத்தக் கொலஸ்டிரால் 212, ‘நல்ல’ கொலஸ்டிராலான ஹெச்.டி.எல். 36, ‘கெட்ட’ கொலஸ்டிராலான எல்.டி.எல். 90 என்றிருந்தது. இதய மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, “காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?” என்றுதான். வெறும் வயிற்றில் 150க்குள் இருக்க வேண்டிய டிரைகிளிசரைடு, கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் சில மணி நேரம் ஏறியே இருக்கும் என்று விளக்கிய அவர், அதைவிடப் பெரிய பிழை ஒன்றையும் காட்டினார். உங்கள் எல்.டி.எல். நேரடியாக அளந்தது அன்று, மொத்தத்திலிருந்து ஹெச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் பெற்றது. 1972இல் வந்த அந்தச் சூத்திரத்தை டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது ஆய்வகத் துறையினர் அறிந்த விதி. ஆயினும் ஓர் எச்சரிக்கைக் குறிப்புகூட இன்றி 90 என்று அச்சிட்டிருக்கிறீர்கள்.

16ஆம் தேதி, பன்னிரண்டு மணி நேரம் உண்ணாமல் வேறொரு ஆய்வகத்தில் எடுத்தபோது டிரைகிளிசரைடு 245, எல்.டி.எல். 121 என வந்தது. ஸ்டென்ட் வைத்தவருக்கு எல்.டி.எல். 70க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதால், மருந்தின் அளவை உயர்த்த வேண்டியதாயிற்று. உங்கள் அறிக்கையை மட்டும் நம்பியிருந்தால் டிரைகிளிசரைடுக்குத் தேவையற்ற மாத்திரை ஒன்று சேர்ந்திருக்கும். எல்.டி.எல்.லுக்குத் தேவையானது போதிய அளவு உயராமல் போயிருக்கும்.

சாப்பிட்ட பின்னும் கொழுப்புப் பரிசோதனை செய்யலாம் என்று இப்போது பல மருத்துவர்கள் ஏற்பதை நான் அறிவேன். என் புகார் அதைப் பற்றியதன்று. சாப்பிட்டதைச் சாப்பிடவில்லை என்று பதிந்ததைப் பற்றியது. இதைத் தொலைபேசியில் இருமுறை சொல்லியும், “மெஷின் ரிப்போர்ட் சரிதான் சார்” என்ற பதிலே கிடைத்தது.

எனவே, 9ஆம் தேதி அறிக்கையை எழுத்துப்பூர்வமாக ரத்து செய்து, கட்டணம் 850 ரூபாயையும் மறுபரிசோதனைச் செலவையும் திருப்பித் தர வேண்டுகிறேன். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டும்போது எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பீர்களா, அல்லது அந்த இடத்தை வெறுமையாக விடுவீர்களா என்பதையும் 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். இரு அறிக்கைகளின் நகல்களையும் பணம் செலுத்திய ரசீதையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
நோயாளியின் மகன்