வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையில்லாமல் நடந்தன. நூலகத்தில் வெள்ளையடித்தபோது மட்டும் பொருளாளர் வீட்டு மொட்டைமாடியில் கூடினோம். அவர் வீட்டாருக்கு நன்றி. கல்லூரி மாணவர்கள் பலர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஆண்டின் பெரும்பகுதியை ஒரே நாவல் எடுத்துக்கொண்டது: மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’. ஊரை விட்டு ஓடும் சிறுவன் ஹக்கும், தப்பியோடும் அடிமை ஜிம்மும் மிசிசிப்பி ஆற்றில் கட்டுமரத்தில் போகும் கதை இது. இரண்டு கூட்டங்களில் முடிப்பதாக இருந்தோம். விவாதம் ஓயாததால் நீட்டினோம், நீட்டியது நல்லதுதான். 1885 பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளிவந்த இந்த நூலை, அடுத்த மாதமே மாசசூசெட்ஸின் கான்கார்டு நூலகம் கொச்சையானது என்று விலக்கிவிட்டது. எது நாகரிகம் என்ற கேள்வி நூலுக்கு உள்ளேயும் வெளியேயும் சேர்ந்தே பிறந்திருக்கிறது.

முதல் கூட்டத்தில், ஊர் பொய், மிசிசிப்பி ஆறுதான் மெய் என்று பலர் பேசினார்கள். அதற்கு ஆதாரமும் இருந்தது. சிறுவன் ஹக்குக்கு எழுத்தும் ஜெபமும் சொல்லித்தரும் மிஸ் வாட்சன், 800 டாலர் கிடைக்கும் என்றதும் தன் அடிமை ஜிம்மை நியூ ஆர்லியன்சுக்கு விற்க யோசிக்கிறாள். கிரேஞ்சர்ஃபோர்டு குடும்பம் மரியாதை தவறாதது. அந்த வீட்டு ஆண்கள் துப்பாக்கியோடு தேவாலயத்தில் உட்கார்ந்து சகோதர அன்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்கிறார்கள். அப்புறம், எதனால் தொடங்கியது என்றே தெரியாத பகையில் வீட்டுப் பையனும் சாகிறான்.

ஓய்வுபெற்ற ஆசிரியரான நம் மூத்த உறுப்பினர் இதை ஏற்கவில்லை. ஹக்கின் அப்பனும் ஊர்க்கட்டுக்கு வெளியே வாழ்கிறவன்தானே என்று கேட்டார். குடித்துவிட்டு மகனை அடிக்கிறான்; ஓஹியோவில் ஒரு கறுப்பினப் பேராசிரியருக்கு ஓட்டு உண்டு என்று கேட்டுக் கொதிக்கிறான். காட்டுக்குப் போனால் மனிதன் நல்லவனாகிவிடுவதில்லை. ஊரா ஆறா என்ற பேச்சை அதோடு விட்டோம்.

என் மனதில் நிற்பது 15ஆம் அத்தியாயம். மூடுபனியில் பிரிந்துபோன ஹக் கட்டுமரத்துக்குத் திரும்பி, நடந்ததெல்லாம் கனவு என்று ஜிம்மை நம்பவைத்து விளையாடுகிறான். உண்மை தெரிந்ததும், உன்னைக் காணாமல் நெஞ்சு உடைந்து கிடந்த என்னை முட்டாளாக்கத்தான் பார்த்தாய் என்கிறான் ஜிம். கால் மணி நேரம் தனக்குள் போராடிவிட்டு ஹக் போய் மன்னிப்புக் கேட்கிறான். அடிமை முறை சட்டமாக இருந்த காலத்தில் ஒரு வெள்ளைச் சிறுவன் செய்வது இது. இந்த நாவலில் இதைவிட நாகரிகமான செயல் இல்லை என்பது என் கருத்து. இதை அவனுக்கு எந்தப் பெரியவரும் சொல்லித்தரவில்லை. 31ஆம் அத்தியாயத்தில், ஜிம் இருக்குமிடத்தைத் தெரிவிக்கும் கடிதத்தை அவன் கிழிக்கிறான். அப்போதும் தான் பாவம் செய்வதாகவும் நரகத்துக்கே போகப் போவதாகவும் நம்புகிறான். ஊர் ஊட்டிய மனசாட்சி அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது.

கடைசி அத்தியாயங்கள் மாணவர்களைக் கோபப்படுத்தின. நான் அவர்கள் பக்கம். மிஸ் வாட்சன் தன் உயிலில் ஜிம்மை விடுவித்துவிட்டது தெரிந்தும், நல்ல குடும்பத்துப் பையன் டாம் சாயர் பிடிபட்டு அடைபட்டிருக்கும் அவனைச் சாகச விளையாட்டுக்காகக் கொட்டகையிலேயே வைத்திருக்கிறான். விஷயம் தெரியாவிட்டாலும் ஹக் அந்த விளையாட்டுக்கு உடன்படுவது வலிக்கிறது. காலில் குண்டு பட்ட டாமுக்காகத் தப்பும் வாய்ப்பை விடுகிறவன் ஜிம்தான்.

கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் நூலில் 200 தடவைக்கு மேல் வருகிறது. பக்கத்தில் இருப்பதை மறைக்க வேண்டாம், கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்கவும் வேண்டாம் என்று முடிவுசெய்து குறிப்பேட்டில் பதிந்துள்ளோம்.

ஜிம்மின் குரல் நமக்கு ஹக்கின் வாய்வழியாகவே கிடைக்கிறது. ஆகவே அடுத்த ஆண்டு, மேரிலாந்தில் அடிமையாக இருந்து 1838இல் தப்பிய ஃபிரெடெரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றைப் படிக்கலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது. மாணவர்களுக்காகக் கூடுதல் பிரதிகள் வாங்கவும் அனுமதி கோருகிறோம். உறுப்பினர்கள் இவ்விரண்டையும் இந்த அறிக்கையையும் ஏற்றுத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்