டியூனிங்குக்கு முன்னால் வால்வைத் தொட்டுப் பார்க்கவிடுங்கள்

மதுரை வட்டாரப் பொறியியல் கல்லூரிகளின் இன்ஸ்ட்ருமென்டேஷன் துறை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

கப்பலூர், திருமங்கலம் பக்க ஆலைகளில் கன்ட்ரோல் லூப் (வெப்பத்தையோ மட்டத்தையோ அளந்து வால்வைத் தானாகத் திருத்தும் அமைப்பு) பார்ப்பதே இருபது வருடமாக என் பிழைப்பு. உங்களிடம் படித்து வரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். சீக்லரும் நிக்கல்ஸும் 1942-இல் தந்த பிஐடி கன்ட்ரோலரை டியூன் செய்யும், அதாவது அதன் அளவுகளைச் சரியாக வைக்கும், சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்: லூப் ஓயாமல் ஊசலாடத் தொடங்கும் கெயினில் (பிழைக்கு எவ்வளவு பலமாகப் பதில் தருவது என்ற அளவு) 0.6 பங்கு, ஊசல் நேரத்தில் பாதி, நீடிக்கும் பிழையைச் சேர்த்துத் தள்ளும் இன்டெக்ரலுக்கு, எட்டில் ஒன்று, பிழை மாறும் வேகத்தைப் பார்க்கும் டெரிவேட்டிவுக்கு. ஆனால் அந்தச் சூத்திரத்தை எப்போது எடுக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

போன மாசியில் ஒரு நூல் சாயப்பட்டறை. வெந்நீர்த் தொட்டி 60 டிகிரியில் நிற்காமல் 57-க்கும் 63-க்கும் போய்வந்தது. லாட்டுக்கு லாட் ஷேடு மாறியது. புதிதாகச் சேர்ந்த தம்பி மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் கெயினைக் குறைத்தும் இன்டெக்ரலை மாற்றியும் பார்த்தான். ஊசலின் வேகம் மாறியதே தவிர, ஊசல் நிற்கவில்லை.

கன்ட்ரோலர் வால்வைத் தானாக அசைக்காதபடி லூப்பை மேனுவலில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வெப்பம் ஒரே கோட்டில் நின்றுவிட்டது. ஊசல் வெளியிலிருந்து வரவில்லை, லூப்புக்குள்ளேயே பிறக்கிறது என்று அப்போதே பாதி விடை வந்தாயிற்று. பிறகு தம்பியிடம் டார்ச்சைக் கொடுத்து நீராவி வால்வின் முள்ளைப் பார்க்கச் சொல்லி, வால்வுக்குப் போகும் அவுட்புட்டை ஒவ்வொரு சதவீதமாக ஏற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. முள் அசையவில்லை. ஐந்தில் டக்கென்று குதித்தது. கசிவுக்குப் பயந்து யாரோ கிளாண்டை (வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள பேக்கிங்கை இறுக்கும் பகுதி) முறுக்கி வைத்திருக்கிறார்கள். ஒட்டிய வால்வை இன்டெக்ரல் விடாமல் தள்ளும். விடுபட்டதும் தேவைக்கு மேல் திறந்துகொள்ளும். மறுபடி எதிர்ப்பக்கம் தள்ளும். பேக்கிங்கை மாற்றி, பழைய கெயினையே திரும்பப் போட்டோம். சரியாகிவிட்டது.

“வால்வைப் படத்துலதான் சார் பார்த்திருக்கேன்” என்றான் அந்தத் தம்பி. மனசு கஷ்டமாகிவிட்டது.

பாய்லரில் தண்ணீரும் நீராவியும் சேர்ந்திருக்கும் டிரம்மும் இப்படித்தான். திடீரென்று நீராவியை அதிகம் இழுத்தால் அழுத்தம் விழும், உள்ளே குமிழிகள் பெருகும், தண்ணீர் குறையும்போதே மட்டம் ஏறியதாகக் காட்டும். மட்டத்தை மட்டும் நம்பும் கன்ட்ரோலர் தண்ணீரைக் குறைத்துவிடும். அதனால்தான் நீராவி ஓட்டத்தையும் தண்ணீர் ஓட்டத்தையும் சேர்த்து அளக்கிறோம். அங்கே டியூனிங் அப்புறம்தான்.

கணினி சிமுலேஷனை நிறுத்தச் சொல்லவில்லை. லேபில் ஒரு லூப்பிலாவது கிளாண்ட் இறுகிய நிஜ வால்வை மாட்டுங்கள். மேனுவலில் ஓட்டி, படிப்படியாக ஏற்றி இறக்கி, அவுட்புட்டுக்கு வால்வு எப்படி நகர்கிறது என்று வரைந்து காட்டிய பிறகே கெயினில் கைவைக்கவிடுங்கள்.

கழற்றிப்போட்ட ஒரு இன்ச் வால்வு ஒன்று என்னிடம் கிடக்கிறது. எந்தக் கல்லூரி கேட்டாலும் ஒரு சனிக்கிழமை கொண்டுவந்து நானே மாட்டித் தருகிறேன்.