பிரின்சிபால் மேஜையில் உங்கள் கட்டுரை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கணினிப் பக்கத்தில், விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸைப் பற்றி, "லினக்ஸ் போட்டுவிட்டால் வைரஸ் பயமும் இல்லை, அப்டேட் தொல்லையும் இல்லை" என்று ஒரு வரி. போகட்டும் என்று விட்டிருப்பேன், ஆனால் எங்கள் பிரின்சிபால் அதைக் கத்தரித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். இனி சர்வரை அரை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று நான் போய் நின்றால், அந்த இடத்தை விரலால் தட்டிக் காட்டுவார், அவ்வளவுதான்.

நான் ஒரு கல்லூரியில் 11 வருஷமாக லேப் பார்த்துக்கொள்பவன். உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். லினக்ஸில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் என்ற மென்பொருளில் இருந்த ஷெல்ஷாக் என்ற பாதுகாப்பு ஓட்டை 2014இல் வெளியே தெரிந்தபோது அதற்கு வயது 25. அதே வருஷம்தான், இணையத்தில் போகும் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை. நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை கொடுக்க உதவும் சுடோவில் 2021இல் பிடிபட்ட ஓட்டை சுமார் 10 வருஷமாக உள்ளேயே குடியிருந்தது. லினக்ஸைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், என் வீட்டிலும் அதுதான் ஓடுகிறது. ஓட்டை தெரிந்ததும் அடைத்து அனுப்பிவிடுகிறார்கள், அந்த நம்பிக்கையில்தான் வைத்திருக்கிறேன். அனுப்புவதை வாங்கிப் போடுவதே தொல்லை என்று எழுதினால் அப்புறம் என்ன செய்வது?

எங்கள் சர்வர் கதையைக் கேளுங்கள். ஒருநாள் ராத்திரி லேப் அறையில் ஏதோ இரைகிறது என்று வாட்ச்மேன்தான் வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் யாரோ உள்ளே புகுந்து கிரிப்டோ காசு தோண்டிக்கொண்டிருக்கிறான், ஃபேன் ரைஸ் மில் மாதிரி சுற்றுகிறது. அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் அப்டேட் போட நேரம் கேட்டு நான் கொடுத்த நான்கு கடிதங்கள் ஆபீஸ் ஃபைலில் பத்திரமாக இருக்கின்றன. மெமோ மட்டும் எனக்கு வந்தது. அந்த சர்வரில் இருந்த சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வகைக்கு 2024 ஜூன் 30ஆம் தேதியோடு அப்டேட்டே நின்றுவிட்டது, அதையும் எழுதிக் கொடுத்தேன். "ஓடுகிறது இல்லையா?" என்றார்கள். ஓடுகிறது சார்.

இன்னொன்றும் மனசில் கிடக்கிறது. 2024 மார்ச்சில், ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்ற லினக்ஸ் மென்பொருளின் விவகாரம் வெடித்தபோது "லினக்ஸில் வைரஸ்!" என்று கொட்டை எழுத்தில் போட்டீர்கள். அன்றும் கடிதம் எழுதினேன், வரவில்லை. ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை வினாடி இழுக்கிறதே என்று தோண்டப்போய்த்தான், யாரோ வருஷக்கணக்கில் நல்ல பிள்ளையாக உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்து அந்த மென்பொருளுக்குள் வைத்த பின்கதவு, அதாவது திருட்டுத்தனமாக நுழையும் வழி, அகப்பட்டது. பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேரும் முன்பே. மூலநிரல் எல்லோர் கைக்கும் எட்டும்படி இருந்ததால் அவரால் தோண்ட முடிந்தது, அதை ஒரு வரி எழுதியிருக்கலாம். அரை வினாடியைக் கவனித்த ஆள் அவர். எங்கள் கல்லூரியில் சர்வர் அரை நாள் படுத்திருந்தாலும் கரண்ட் போயிருக்கும் என்பார்கள்.

அப்புறம், மேலே அப்டேட்டே வேண்டாம் என்ற அதே கட்டுரையின் கடைசியில் ஒரு பெட்டி, உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் புதுப்பிக்க 'ஆப்ட் அப்டேட்' என்ற கட்டளை கொடுத்தால் போதுமாம். அது என்னென்ன புதிதாக வந்திருக்கிறது என்ற பட்டியலைத்தான் புதுப்பிக்கும் ஐயா. 'ஆப்ட் அப்கிரேட்' கொடுத்தால்தான் எதுவும் இறங்கும், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறியிருந்தால் ரீபூட்டும் செய்ய வேண்டும். யாரும் சரிபார்ப்பதில்லையா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. லினக்ஸுக்கும் அப்டேட் அவசியம் என்று இரண்டு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். எந்த மூலையில் போட்டாலும் சரி, எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். கண்ணாடிக்கு அடியில் வைத்தால் பிரின்சிபாலுக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
20 வருஷமாகச் சந்தா கட்டும் வாசகன்
(பெயரையும் ஊரையும் போட வேண்டாம், வேலை வேண்டும்)