விபிஎன் பெட்டிக்கு விலை கேட்கும் முன்: நம் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு, வணக்கம்.

நாகர்கோவில் தலைமை அலுவலகத்தையும் தக்கலை, திங்கள்சந்தை, குளச்சல், குலசேகரம் கிளைகளையும் விபிஎன் (இணையத்துக்குள்ளேயே மறையாக்கம் செய்து அமைக்கும் தனி வழி) மூலம் இணைக்கப் போவதாகப் பொதுக்குழுவில் அறிவித்தீர்கள். மனதார வரவேற்கிறேன். நெட்வொர்க் வேலை பார்க்கும் உறுப்பினன் என்ற முறையில், கொட்டேஷன் கேட்கும் முன்பே சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது கிளைகள் தலைமை அலுவலக சர்வரை இணையத்திலிருந்து நேரடியாக ரிமோட் டெஸ்க்டாப்பில் (தொலைவிலிருந்தே கணினித் திரையை இயக்கும் வசதி) திறக்கின்றன. அதற்கான நுழைவாயில் எண், அதாவது போர்ட், 3389. அது எங்கே திறந்து கிடக்கிறது என்று தேடி, கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் உலகம் முழுக்க இரவும் பகலும் ஓடுகின்றன. ஒன்று பொருந்தினால் போதும், நகைக்கடன் பதிவேடும் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியின் சேமிப்புக் கணக்கும் மீனவக் குடும்பங்களின் ஆதார் நகல்களும் வெளியே போய்விடும். விபிஎன் ஓடத் தொடங்கும் அன்றே அந்தப் போர்ட்டை அடைத்துவிட வேண்டும். 'ஒரு மாதம் இருக்கட்டும்' என்று விட்டால் அது அப்படியேதான் கிடக்கும்.

அடுத்து, யாருக்கு எது தேவை என்ற பட்டியல். குளச்சல் கிளைக் காசாளருக்குக் கணக்கு மென்பொருள் போதும். சம்பளக் கோப்புகளும் சிசிடிவி பதிவும் அவருக்கு எதற்கு? இந்தப் பட்டியல் இல்லாமல் விபிஎன் போட்டால், உள்ளே வந்தவர் எல்லாவற்றையும் தொடலாம் என்றாகிவிடும். பெட்டி விற்பவர் இதைப் போட்டுத் தரமாட்டார். கிளை மேலாளர்களை உட்கார வைத்து நீங்கள்தான் போட வேண்டும்.

எல்லாக் கிளை ரௌட்டர்களும் கணினிகளுக்கு 192.168.1 என்ற ஒரே வரிசையில் முகவரி எண் கொடுத்துக்கொண்டிருந்தால் இணைப்பு குழம்பும். கிளைக்கு ஒரு தனி வரிசை என முதலிலேயே மாற்றுவது சலிப்பான வேலை, ஆனால் செலவில்லாதது. நிலையான ஐபி முகவரி (மாறாத இணைய முகவரி எண்) தலைமை அலுவலகத்துக்கு மட்டும் இருந்தால் போதும், கிளைகள் அங்கே அழைத்து இணைந்துகொள்ளும். விபிஎன் முறைகளில் வயர்கார்ட், ஐபிசெக் இரண்டில் எதுவானாலும் சரி. பிபிடிபி என்ற பழைய முறையை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அதன் அடையாளச் சரிபார்ப்பை உடைக்க முடியும் என்பது 2012-லேயே வெளிப்படையாகக் காட்டப்பட்டுவிட்டது. அப்புறம், 2017 ஒக்கி புயலில் நம் மாவட்டம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததே. கிளைக்கு ஒரு சிம் ரௌட்டரும் யுபிஎஸ்ஸும் திட்டத்திலேயே இருக்கட்டும்.

நான் மிகவும் அஞ்சுவது, பலரும் பகிரும் பொதுக் கடவுச்சொல்லையும் மூடாமல் விட்ட பழைய கணக்குகளையும்தான். 2021-இல் அமெரிக்காவின் கொலோனியல் எரிபொருள் குழாய் நிறுவனத்துக்குள் நுழைந்தவர்கள், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கின் வழியாகத்தான் வந்தார்கள். அதற்குக் கடவுச்சொல் மட்டுமே காவல், ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. குழாய் நாள்கணக்கில் நின்றது. நம் சங்கத்தில் ஒவ்வொரு ஊழியருக்கும் தனிக் கணக்கும் இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும். ஓய்வு பெறுபவரின் கணக்கை அன்று மாலையே மூடும் பொறுப்பை ஒருவர் பெயரில் தீர்மானமாக எழுதுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி கணினிகளின் செயல்பாட்டுப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருப்பதும், ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிப்பதும் அவர் கடமையில் சேரட்டும்.

முதலில் குலசேகரத்தில் மட்டும் ஓட்டிப் பாருங்கள், மற்ற கிளைகள் பிறகு. பட்டியல் போடும் நாளைச் சொன்னால் வந்து உட்காருகிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
சங்க உறுப்பினன்